சடையன் உடனே தின்னாத நாவல் பழம்

காட்டுக் குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மினுக்கி என்ற கெண்டை மீன் தன் பதினோரு குஞ்சுகளோடு சேற்றுக்கு மேலே தவித்தாள்.

"சடையண்ணே! மழை வர்ற வரைக்கும் எம் பிள்ளைங்களுக்கு ஒரு வழி பண்ணுங்கண்ணே!" என்று கரடியைக் கெஞ்சினாள்.

சடையனுக்கு இளகிய மனசு. பெருமையடித்துக்கொள்வதிலும் ஆசை அதிகம். காட்டு பங்களாவுக்குப் பின்னால் யாரோ போட்டுவிட்டுப் போன கண்ணாடி மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். யானைத் தடத்தோரம் அவன் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரையான் புற்று இருந்தது. அதன் உச்சியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கினான்.

"இங்க வெச்சா போற வர்ற எல்லாரும் பாப்பாங்க! சடையன் கொண்டாந்த தொட்டின்னு பேசுவாங்க!"

நல்லக்கா என்ற நண்டு தலையிட்டாள். "புத்துக்குள்ள பொந்து பொந்தா இருக்கும்டா! தண்ணி நிறைஞ்சா தொட்டி என்ன கனம் கனக்கும்! நாவ மரத்தடியில பாறை கிடக்கு பாரு. சமமா, கெட்டியா இருக்கு."

"அங்க வெச்சா யாரு பாப்பாங்க? நேரா நடக்கவே தெரியாத நீ சமத்தைப் பத்திப் பேசறியாக்கா?"

நல்லக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப புத்து மேல ஒரு நாவப்பழத்தை வை. உருளுதா, நிக்குதான்னு பாப்போம்."

சடையன் வைத்தான். அது உருளத் தொடங்குவதற்குள் வாயில் போட்டுக்கொண்டான். இரண்டாவது பழத்துக்கும் அதே கதி. மூன்றாவதை மென்றுகொண்டே, "பழம் நல்லாத்தான் இருக்கு! வேற என்ன பாக்கணும்?" என்றான்.

நல்லக்கா தலையில் கொடுக்கை வைத்துக்கொண்டாள்.

தொட்டியைப் புற்றின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றியபோது ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் இரண்டு விரல் இறங்கி நின்றது. சடையன் தொட்டி தாழ்ந்திருந்த பக்கத்தின் அடியில் ஒரு கல் சில்லைச் செருகினான். "ஆச்சு!" என்றான். மினுக்கியும் குஞ்சுகளும் குடிவந்தார்கள்.

மான்கள் வந்து பார்த்தன. மயில்கள் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டன. பாராட்டைக் கேட்கும் ஆசையில் சடையன் சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஒரு மானிடம் தன் பெருமையை அளந்துகொண்டே, பசியில் பழக்கதோஷமாகப் புற்றுக்குள் கையை விட்டுக் கரையானை வழித்துத் தின்றான். ஆகா, என்ன ருசி! இன்னொரு கை அள்ளினான்.

புற்று மடமடவென்று சரிந்தது!

வழுக்கி வந்த தொட்டியைச் சடையன் இரு கையாலும் பிடித்து, மல்லாந்து விழுந்து, தொப்பையில் தாங்கிக்கொண்டான். கண்ணாடி தப்பியது. ஆனால் அவன் மூச்சு விட்டபோதெல்லாம் தொட்டி ஏறி இறங்கியது, தண்ணீர் தளும்பிக் கொட்டியது. ஒரு குஞ்சு துள்ளி வந்து அவன் நெஞ்சு முடியில் விழுந்து துடித்தது!

"ஐயோ, எம் பிள்ளை!" என்று மினுக்கி அலறினாள்.

தொட்டியை விட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். பிடித்திருந்தால் இந்த ஒன்று போய்விடும். சடையனுக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லக்கா! எம் பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்! பிள்ளையைக் காப்பாத்து!"

நல்லக்கா குடுகுடுவென்று ஏறி, கொடுக்கு நுனியால் குஞ்சைப் பூப்போல எடுத்துத் தண்ணீரில் விட்டாள். "இப்ப நீ மெதுவா மூச்சு விடு!"

பொழுது சாய யானை வரும்வரை சடையன் அப்படியே கிடந்தான். யானை தொட்டியைத் தூக்கி, "எங்க வைக்கணும்?" என்றது.

"பொறுங்க!"

சடையன் நாவல் மரத்தடிப் பாறைக்கு ஓடினான். அதன் மேல் ஒரு நாவல் பழத்தை வைத்தான். நாக்கில் எச்சில் ஊறியது. தின்னவில்லை. குனிந்து, கண்கொட்டாமல் பார்த்தான். பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இங்க வைங்க!" என்றான். அதற்குப் பிறகுதான் பழம் அவன் வாய்க்குள் போனது.

தொட்டியில் தண்ணீர் நாலு பக்கமும் ஒரே மட்டமாக நின்றது. மினுக்கி குஞ்சுகளை எண்ணினாள். பதினோரு பேரும் இருந்தார்கள்.

ஓர் உயிரைக் குடிவைக்கும்போது, நமக்குப் பெயர் வாங்கித் தரும் இடத்தைத் தேடாமல், அதன் பாரத்தைச் சாயாமல் தாங்கும் இடத்தைத் தேட வேண்டும்.