"வரேன்" என்று சொன்ன தவளைத் தூதர்

ஒரு விண்கலத்தில் உடும்பு ஒன்றும் தவளை ஒன்றும் போய்க்கொண்டிருந்தன. இரண்டும் தூதர்கள். உடும்பாரின் பெயர் செங்கண்ணார், மணல் கோளிலிருந்து வந்தவர். தவளையாரின் பெயர் குமுதனார், சேற்றுக் கோளிலிருந்து வந்தவர். இரண்டு கோளிலும் குடிதண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது. நடுவானில் ஒரு பனிமலை மிதந்தது. அது யாருக்கு என்று கூட்டத்தில் பேசித் தீர்க்கத்தான் இந்தப் பயணம். பேச்சு முறிந்தால் சண்டை.

கலத்தை ஓட்டியவள் பையம்மா என்ற நத்தை.

"நத்தை ஓட்டுற கலத்துல ஏத்திவிட்டிருக்காங்களே! நாம போய்ச் சேரும்போது நம்ம பேரப்பிள்ளைங்கதான் கூட்டத்துல உக்காந்திருப்பாங்க," என்றார் தவளையார்.

"வேணும்னா இறங்கி நடங்க," என்றாள் பையம்மா.

செங்கண்ணாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பேச்சு வளர்ந்தது.

"ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டா என்ன ஓய்?" என்றார் தவளையார்.

செங்கண்ணார் மனசிலும் அதேதான் இருந்தது. வீட்டில் நாக்கு வறண்டு கிடக்கும் தன் குட்டிகளை நினைத்துக்கொண்டார். "கூட்டத்துல நீரே சொல்லும். நான் ஆமாம்னுடறேன்," என்றார்.

தவளையாருக்குத் தோல் காய ஆரம்பித்தது. தன் தொட்டி அறைக்குக் கிளம்பினார். "அப்போ நான் வரேன் ஓய்," என்று சொல்லிவிட்டுத் தாவிப் போனார்.

செங்கண்ணாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடும்புகளின் ஊரில் போகிறவர் 'போறேன்' என்பார். சண்டைக்குச் சவால் விடுகிறவர்தான் முகத்துக்கு நேரே 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்.

தன் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளை நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரும் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது. 'இங்கே வரவில்லை என்றால் நம் ஊருக்குத்தான் வரப்போகிறான்' என்று முடிவு கட்டினார். உடனே ஊருக்குச் செய்தி அனுப்பினார்: "தவளைகள் படையெடுத்து வருகின்றன. பனிமலையை வளைத்துக்கொள்ளுங்கள்."

கொஞ்ச நேரத்தில் பையம்மா கதவைத் தட்டினாள். "ஏன் ஐயா பூட்டிக்கிட்டுக் கிடக்கீங்க?"

"தவளை 'வரேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"என்கிட்டயும்தான் சொன்னாரு. அவங்க ஊர்ல விடைபெறும்போது அப்படித்தான் சொல்வாங்க. 'போறேன்'னு சொன்னா ஒரேயடியா போறதா ஆயிடுமாம். பக்கத்து அறைதானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

செங்கண்ணார் தாழ்ப்பாளைத் திறந்தார். படையைத் திருப்பச் சொல்லி அவசர அவசரமாக இன்னொரு செய்தி அனுப்பினார். அதற்குள் உடும்புப் படை பனிமலையை வளைத்திருந்தது. அதைப் பார்த்துத் தவளைப் படையும் கிளம்பி வந்துவிட்டது. நெருப்பு மாறி மாறிப் பாய்ந்தது. பனிமலை முழுவதும் ஆவியாகிக் கலைந்து போனது.

கலத்தின் கண்ணாடி வழியே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தோம். யாருய்யா முதல்ல ஆரம்பிச்சது?" என்றார் தவளையார்.

செங்கண்ணார் மெல்ல நழுவித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறர் சொன்ன சொல் நமக்கு விளங்காதபோது, நாமாக ஒரு பொருளைக் கட்டிக்கொள்ளாமல் சொன்னவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.