அரசன் போட்ட முடிச்சு

கேளுங்கள், கேட்டுவிட்டுக் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள்.

கடலோர நாடொன்றை முன்பு ஆதன்வழுதி என்ற அரசன் ஆண்டான். கப்பலில் வந்த உயர்ந்த சாதிக் குதிரைகள் அவன் லாயத்தில் வாழ்ந்தன. வாழ்ந்தன என்றா சொன்னேன்? செத்தன!

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆயுத பூசையன்று அரசனே ஒவ்வொரு குதிரைக்கும் தலைக்கயிறு மாட்டித் தாடையடியில் முடிச்சுப் போடுவான். அடுத்த பூசை வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. லாயச் சுவரிலோ, கொள்ளுப்பை மாட்டும் இரும்புக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் குதிரை சுவரில் தலையைத் தேய்த்தது. கயிறு கொக்கியில் மாட்டியது. மிரண்டு இழுத்துக் கழுத்து முறிந்து செத்தது. "கெட்ட நேரம்" என்றார் லாயத் தலைவர் வில்லவராயர். இரண்டாவதும் அப்படியே செத்தது. "கண்ணேறு" என்றார். மூன்றாவதும் செத்தது. "திமிர் பிடித்த குதிரை" என்றார். கொக்கியை மட்டும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

நான்காவதாக மாட்டிக்கொண்டது முகிலி, அரசன் மகள் இளநங்கையின் குதிரை. உதைக்கும் சத்தம் கேட்டு அவள் ஓடினாள். "அம்மா, அரசர் போட்ட முடிச்சு!" என்று காவலன் தடுத்தான். "தள்ளு!" என்று இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். முகிலிக்கு மூச்சு வந்தது.

சபை கூடியது. முடிச்சு அறுந்த குதிரையைக் காளிக்குப் பலியிட வேண்டுமாம், அதுவும் வழக்கமாம்!

"செத்திருந்தால் விதி, பிழைத்தால் பலியா? நல்ல நியாயம், அப்பா!" இளநங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குற்றம் குதிரையுடையது என்கிறாரே வில்லவராயர், அவர் தலைக்கயிறோடு குதிரைக் கொட்டடியில் ஒரு நாழிகை நிற்கட்டும். கொக்கியில் மாட்டாமல் வந்தால் முகிலியைக் கொண்டுபோங்கள்."

"நிற்கிறேன், அதற்கென்ன!" என்று சிரித்தார் அவர்.

"குதிரைக்குக் கை ஏது? கையைப் பின்னால் கட்டுங்கள்."

அரசனே தலைக்கயிறு மாட்டி முடிச்சுப் போட்டான். ஈ மொய்த்தது. வில்லவராயர் தலையை ஆட்டினார். காலை உதறினார். கடைசியில் கன்னத்தைச் சுவரில் தேய்த்தார். மாட்டிக்கொண்டார்! மிரண்டு பின்னால் இழுக்க, கயிறு இறுகி முகம் நீலம் பாரித்தது.

காவலர்கள் அசையவில்லை. அரசர் முடிச்சாயிற்றே, யார் தொடுவார்?

அரசன் பாய்ந்து வந்தான். இறுகிய முடிச்சு அவன் விரலுக்கு நெகிழவில்லை. "கத்தி! யாராவது கத்தி கொடுங்களடா!" என்று அலறினான்.

இளநங்கை கத்தியை நீட்டினாள். தன் முடிச்சைத் தானே அறுத்தான் அரசன்.

இருமிக் கிடந்தவரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. "செத்துப்போன மூன்றும் இப்படித்தான் அலறியிருக்கும், அப்பா. அவற்றுக்குக் கத்தி கேட்க வாயில்லை."

அரசன் தலை குனிந்தான். அன்றே கொக்கிகளைப் பிடுங்க வைத்தான். கொட்டடிக்குள் தலைக்கயிற்றைக் கழற்றச் சொன்னான். வெளியே கட்டினாலும், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சே போட வேண்டும் என்று ஆணையிட்டான். முகிலி வெறுந்தலையோடு நின்று நிம்மதியாகப் புல் தின்றது.

நீதி இதுதான்: வாயில்லா உயிரைக் கட்டி வைப்பவன், ஆபத்தில் அதை அவிழ்க்கும் வழியையும் வைக்காவிட்டால், அதன் சாவுக்கு அவனே பொறுப்பு.