முந்நூறு பல்புத் தூண்

ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக விண்கலத்தின் உட்புறத்தை அரங்கமாகப் போட்டிருந்தார்கள். கலை இயக்குநர் மதிவதனிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த பூபாலனுக்கு ஐம்பது. அதுவரை புராணத் தொடர்களில் சாமிகளின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழலவிட்டுக்கொண்டிருந்தவர்.

பதினெட்டு இட்லித் தட்டுகளை அடுக்கி, முந்நூறு பல்புகள் வைத்து, ஆளுயரத் தூண் ஒன்று செய்தார் பூபாலன். கலத்தின் இயந்திரம் அதுதான். கூடவே வேலை கற்ற ஷெரின், ஒரு முறுக்கு அச்சுக்குள் ஒற்றை நீல பல்பைச் செருகி, கலத்தலைவியின் நாற்காலிக் கையில் பொருத்தினாள்.

கேமரா எந்நேரமும் நாற்காலியையே பார்த்தது. தூண் ஒரு காட்சியிலும் வரவில்லை. பூபாலனுக்கு வயிறு எரிந்தது. மகள் வயதுப் பெண்ணிடம் தோற்றுவிட்டோமே என்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஒரு காலை ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது மதிவதனியிடம் வந்து நின்றார்.

"மேடம், அந்த முறுக்கு அச்சை எடுத்துடுங்க. அங்க என் விளக்கு வரணும். இல்லன்னா நான் இன்னையோட கிளம்புறேன்."

"அப்படி என்னண்ணே கோபம்?"

"ஒரே ஒரு பல்பு மேடம்! அதுக்கு இவ்வளவு மரியாதை. முந்நூறு பல்பு கேமராவுக்குப் பின்னால தெண்டமா எரியுது."

மதிவதனி அவரை மானிட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் கலத்தலைவியாக நடிப்பவரின் முகம் தெரிந்தது. மதிவதனி போய்த் தூணின் சுவிட்சை அணைத்தார்.

நடிகையின் கண்கள் உயிரில்லாமல் போயின. மறுபடி போட்டதும் இரண்டு கண்களிலும் பொடிப்பொடியாக வெளிச்சம் மின்னியது.

பூபாலன் எழுந்தே விட்டார். "அப்போ இத்தனை நாளா அந்தக் கண்ணுல இருந்தது என் விளக்கா!"

"ஆமாண்ணே."

"இதை ஷெரினைக் கூப்பிட்டுக் காட்டுங்க மேடம். அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்."

"தெரியும். நாற்காலி முதல்ல தூணுக்கு முதுகு காட்டித்தான் இருந்துச்சு. பூபாலன் சார் விளக்கு அவங்க கண்ணுல விழணும்னு அடம்பிடிச்சுத் திருப்பிப் போட வெச்சதே அவதான்."

பூபாலன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"பதினைஞ்சு நாளா நீங்க அவகிட்ட முகம் கொடுத்தே பேசலையேண்ணே."