‘மறுபடி!’ போட்ட ரசிகர்

கோத்தகிரியில் செங்கமலம் டீச்சரிடம் கவிதை படிக்க வந்த சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. ஓய்வுபெற்ற தபால்காரர். டீச்சரைவிட இருபது வயது பெரியவர். அதனால் என்ன, சீடர் சீடர்தானே!

“டீச்சர், நாளைக்கு நூலகத்துல இருளர் மொழியில கவிதை வாசிக்கிறாங்களாம். எனக்கு அரைகுறையாத்தான் புரியும். எப்படி ரசிக்கிறது?”

“வந்து என் பக்கத்துல உக்காருங்கண்ணே.”

அவ்வளவுதான் பதில்.

மறுநாள் மேடை ஏறினாள் மசனி. இருளர் பெண். ஊர் கூடிய இடத்தில் தன் கவிதையை வாசிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நாலு வரி போயிருக்கும்.

நம்மாளுக்குத்தான் கவியரங்கப் பழக்கம் ஊறிக் கிடக்கிறதே! நல்ல வரி வந்தால் சும்மா இருப்பாரா? “ஆகா! மறுபடி!” என்று கூரை அதிரக் குரல் கொடுத்தார்.

மசனி திடுக்கிட்டு நிறுத்தினாள். முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். நாச்சிமுத்துவுக்கு ஒரே குஷி. அதே இடம் வந்ததும், “மறுபடி!” என்றார், இன்னும் பலமாக.

இந்தத் தடவை அவள் தாளில் விரல் வைத்து, எங்கே தப்பு என்று தேடினாள். அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. அடக் கடவுளே, தப்பா வாசிச்சுட்டோம்னு நினைக்குதே இந்தப் புள்ள! மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டால்? இனிமேல் மேடைப் பக்கமே வராமல் போய்விட்டால்?

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

மசனி மூன்றாவது தடவை தொடங்கினாள். கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

கூட்டம் கலைந்ததும் நாச்சிமுத்து ஓடிப்போய்க் கும்பிட்டார். “மன்னிச்சுக்கம்மா. நல்லா இருந்துச்சுன்னுதான் கத்துனேன்.”

“எனக்கு உசுரே போயிருச்சுங்க,” என்று சிரித்தாள் மசனி. “அப்புறம் பாத்தா நீங்க துண்டைக் கடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கீங்க. பயமெல்லாம் போயிருச்சு. அடுத்த மாசமும் வாசிக்கிறேன், வாங்க.”

அழுதேனா? கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். அடுத்த மாசமும் வாசிக்கிறாளாமே, அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

டீச்சரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சட்டென்று நின்றார்.

“ஐயையோ டீச்சர்! அந்தக் கவிதைக்கு என்ன அர்த்தம்னு கேக்காம வந்துட்டேனே!”

“கவிதையைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அப்புறம் என்னண்ணே. நடங்க, பஸ் வந்துரும்.”