இரவல் வாய்

மூன்று நாடுகள், நடுவே ஒரு சின்னக் கடல். எந்த நாடுகள் என்று வரைபடத்தைப் புரட்ட வேண்டாம், கிடைக்காது. வடகரை, கீழ்க்கரை, தென்கரை என்று வைத்துக்கொள்வோம்.

மீனுக்காக அடித்துக்கொண்டு செத்தது போதும் என்று ஒரு காலத்தில் மூன்றுக்கும் புத்தி வந்தது. மூன்று நாடாளுமன்றங்களும் ஆளுக்கு ஓர் உறுப்பினரை அனுப்பிக் கடலவை என்று ஒன்றை உண்டாக்கின. தொடக்கத்தில் அங்கேயும் அதே சண்டைதான். எல்லாரும் தத்தம் நாட்டுக்கே கேட்டால் வேறென்ன நடக்கும்? கடைசியில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். அவைக்குள் யாரும் தன் நாட்டுக்காக வாய் திறக்கக் கூடாது. பக்கத்து நாட்டுக்காரர்தான் அவருக்காகக் கேட்க வேண்டும். அதற்கு இரவல் வாய் என்று பெயர் வைத்தார்கள்.

இரவல் கொடுப்பவருக்கு விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அவை கூடுமுன் தேநீர் நேரம். குறை உள்ளவர் சொல்வார், பேசப்போகிறவர் துருவித் துருவிக் கேட்பார். கோப்பை காலியாகும் வரை எழுந்திருக்கக் கூடாது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வழக்கம் வந்தபின் அந்தக் கடலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை.

கடலவை போட்ட சட்டங்களில் ஒன்று இது. மீன்கள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் நடுக்கடலுக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. காணாமல் போனவரைத் தேடும் படகுகூட அவை அனுமதித்தால்தான் நுழையலாம். தேடப் போகிறோம் என்று சொல்லி வலைவீசியவர்கள் மூன்று நாட்டிலும் இருந்தார்கள்.

அப்படி ஒரு மாதத்தில் புயல் அடித்தது. அது வடகரைப் படகு ஒன்றை நான்கு பேரோடு நடுக்கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. அதில் ஒருவன் அருளப்பன். வடகரையின் உறுப்பினர் இருதயமேரி அவனுடைய தாய்.

காலையில் மருமகள் தொலைபேசியில் அழுதாள். இருதயமேரி முகத்தைக் கழுவிக்கொண்டு தேநீருக்குப் போனார். வடகரைக்காகப் பேச வேண்டியவர் தென்கரையின் சதக்கத்துல்லா.

“அண்ணே, எங்க படகு ஒண்ணு உள்ளே போயிருச்சு. நாலு பேரு. தேடப் போகணும்.”

“புயல்ல இதெல்லாம் சகஜம்தானேம்மா. கேட்டுருவோம்.”

அதில் ஒருவன் தன் மகன் என்று இருதயமேரி சொல்லவில்லை. மகனுக்காகப் பதவியைப் பயன்படுத்தினாள் என்று பேச்சு வந்துவிடுமோ என்ற கூச்சம். சதக்கத்துல்லாவும் யார் யார் என்று கேட்கவில்லை. அன்று வலைக்கண் அளவு பற்றிய பெரிய விவாதம் இருந்தது. பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்றைய அவைத்தலைவர் கீழ்க்கரையின் வன்னியநாதன். அந்தப் படகைப் பற்றிக் காலையில் துறைமுகத்திலிருந்து வந்த அழைப்பை எடுத்தவர் அவர்தான். நான்கு பெயர்களும் அவருக்குத் தெரியும். அருளப்பன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

அவை கூடியதும் வழக்கப்படி கேட்டார். “வடகரைக்கு அவசரம் ஏதும் உண்டா?”

“ஒரு படகு விஷயம் இருக்கிறது. வலை விவாதம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்” என்றார் சதக்கத்துல்லா.

இருதயமேரி மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். தான் பேசினால் நாளை எல்லாரும் பேசுவார்கள், பழைய சண்டை திரும்பி வரும் என்று நினைத்தார். உட்கார்ந்துவிட்டார். வன்னியநாதன் அதைப் பார்த்தார். வடகரைக்காகப் பேசும் வாய் தன்னுடையது அல்ல என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த சதக்கத்துல்லாவின் காதருகே குனிந்தார். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லலாமா என்று கேட்டார்.

விவாதம் பிற்பகல்வரை போயிற்று. பிறகு ஒரே நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. மூன்று நாட்டுப் படகுகளும் சேர்ந்தே போயின. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அருளப்பனின் உடலைக் கயிற்றால் தங்களோடு கட்டி வைத்திருந்தார்கள்.

“உச்சிவெயில் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். படகு வரும், எங்கம்மா அங்கதான் இருக்குன்னான்” என்றான் பிழைத்த ஒருவன்.

அவைக்குள் மூவரில் ஒருவரும் வழக்கத்தை மீறவில்லை. சொல்லாமல் விட்ட தாயா, கேட்காமல் விட்ட சதக்கத்துல்லாவா, தெரிந்தும் சும்மா இருந்த வன்னியநாதனா? அருளப்பன் சாவில் யாருடைய பிழை பெரிது?

விடை: தாயின் பிழை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நான்கு உயிர் என்பதே போதாதா, அதில் ஒன்று உறுப்பினரின் மகனாக இருந்தால்தான் அவசரமா? சதக்கத்துல்லாவின் பிழை அந்தப் பாதித் தேநீரில் இருக்கிறது. ஆனால் அவர் அறியாமல் செய்தார். வன்னியநாதன் எல்லாம் அறிந்தவர். வழக்கம் அவையில் எழுந்து கேட்பதைத்தான் தடுத்தது. காதில் சொல்வதை அது தடுக்கவே இல்லை. அதே காதில்தான் அவர் மின்விசிறியைப் பற்றிச் சொன்னார். ஆகவே பெரிய பிழை அவருடையது என்பது என் தீர்ப்பு. இருதயமேரியின் தீர்ப்பு வேறு. “நாலு பேருன்னு சொன்னேன், நாலு பேரு பேரையும் சொல்லியிருக்கலாமே” என்று அவர் இன்றைக்கும் தன்னைத்தான் குற்றம் சொல்கிறார். கீழ்க்கரைக்காகப் பேசும் வாய் அவருடையது. அந்த நாட்டுப் படகு ஏதாவது காணாமல் போனால், தேநீர் நேரத்தில் எதிரே உட்காரும் வன்னியநாதனிடம் ஒவ்வொருவர் பெயரையும் கேட்கிறார், யாருடைய பிள்ளை என்றும் கேட்கிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை தன் கோப்பையைத் தொடுவதில்லை.