நீலத்தொட்டியில் இறங்கிய காக்கை

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, காக்கையின் குடியைக் கெடுத்தது கொக்குதான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

அப்போது காக்கை வெள்ளை. கறந்த பாலின் நிறம். ஒரு கோடையில் குளங்களெல்லாம் வற்றி, பெரிய ஏரியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கொக்குகள் அதை வளைத்துக்கொண்டு, வெள்ளையாக இருப்பவர்கள்தான் இறங்கி மீன் பிடிக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தன. காக்கையின் கூட்டில் மூன்று குஞ்சுகள் பட்டினி.

"நானும் வெள்ளைதானே அண்ணே," என்றது காக்கை.

மூத்த கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "நீயா? மஞ்சள் அடிக்கிறதடா உனக்கு."

"மாட்டுத் தொழுவத்தில் என்னை வெள்ளை என்கிறார்களே!"

"பால் கறப்பவனுக்கு அது போதும். உப்பளத்தில் போய்க் கேள்."

காக்கை போய்க் கேட்டது. உப்பு அள்ளுகிறவர்கள் அழுக்கு என்று விரட்டினார்கள். வழியில் ஒரு கல்யாண வீட்டில், "நல்ல நாளும் அதுவுமாய் வெள்ளையா வந்து நிற்கணும்? துக்க நிறம்!" என்று கல் எறிந்தார்கள். கடல் தாண்டி வந்த நாரையோ, "எங்கள் பக்கம் மணப்பெண்ணே வெள்ளைதான் உடுத்துவாள்," என்றது.

காக்கை திரும்பி வந்து அழுதது. "எதுதான் அண்ணே வெள்ளை?"

"நாங்கள் சொல்வது." கொக்குக்கூட்டம் சிரித்தது. மூத்த கொக்கு குரலைத் தணித்தது. "சலவைத்துறையில் பார். பழுப்பேறிய வேட்டியை நீலத்தில் முக்கினால் பளிச்சென்று வெளுக்கிறது. நீயும் முங்கி வா. ஏரியில் உனக்கு ஓர் இடம். இது என் வாக்கு."

காக்கை போய்ப் பார்த்தது. உண்மைதான். ஒரு சிட்டிகை நீலத்துக்கே வேட்டி கண்ணைப் பறித்தது. அப்படியானால் தொட்டி நிறைய நீலம் இருந்தால்? பக்கத்துச் சாயப் பட்டறையில் நீலச் சாயத்துக்காக அவுரி இலை ஊறிய தொட்டிக்குள் இறங்கியது. கூடவே வந்த மூத்த கொக்கு விளிம்பில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்றது. பொழுது சாயும்வரை காக்கை முங்கிக் கிடந்தது.

நீலம் ஏறி ஏறிக் கறுத்து, கரிக்கட்டையாக ஏரிக்கு வந்தது.

"யாரப்பா இது, புதுசா?" என்றது மூத்த கொக்கு.

"நான்தான் அண்ணே. நீங்கள் சொன்னபடிதானே..."

"கரைக்கு அந்தப் பக்கம் நில்."

வெறும் அலகோடு காக்கை கூட்டுக்குப் பறந்தது. மூன்று வாய்களில் ஒன்றுதான் திறந்தது.

அன்று முதல்தான் காக்கை கறுப்பாகி, கரையிலேயே நின்று, தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறது. சொன்ன இடத்தைக் கொக்கு இன்றுவரை கொடுக்கவில்லை.