மூன்றாம் படி இலவசம்

காசைக் கயிற்றில் கோத்து இடுப்பில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போன காலம் அது. அந்தக் காலத்தில் காயாம்பட்டியில் ஆவுடையப்பன் என்றொரு வியாபாரி இருந்தான். நல்லவன்தான், தூங்கும்போது யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டான்.

ஒரு சந்தை நாளில் அவன் தமுக்கு அடித்தான். "அரிசியோ, பருப்போ, வெல்லமோ, படி ஒரு காசு! ரெண்டு படி வாங்கினா மூணாம் படி இலவசம்! ஆனா மூணும் ஒரே சரக்கா இருக்கணும்!"

இலவசம் என்று கேட்டதும் ஊருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓசி என்றால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்று ஓடினார்கள். அரிசி வாங்கப் போன சொர்ணம், பருப்புப் பக்கம் கூட்டம் குறைவென்று இருந்த இரண்டு காசுக்கும் பருப்பாக வாங்கினாள். மாடத்தி வெல்லமாக வாங்கினாள். வாரம் முழுக்க எதைத் தின்பது என்று இருவருமே யோசிக்கவில்லை.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தவள் உலகம்மாள். அவளிடமும் இரண்டே காசு. மறுநாள் அவள் மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள். அந்தச் சீமையில் இலையில் முதலில் சர்க்கரைப் பொங்கல் விழவேண்டும்; விழாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை எடுக்காமலே எழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, மூணுலயும் ஒவ்வொரு படி போடுங்களேன். ரெண்டு காசு தாரேன்" என்று கெஞ்சினாள்.

"அது மூணு காசு தாயி. ஒண்ணை மட்டும் இங்க வாங்கு. மத்ததைப் பக்கத்து வீட்டுல வாங்கிக்க!" என்றான் ஆவுடையப்பன். கடையே சிரித்தது.

ஏன் சிரித்தது தெரியுமா? அந்த மூவரின் தெருவில் மூன்று வருஷத்துக்கு முன் சொர்ணத்தின் கோழி ஒன்று காணாமல் போனது. "நீ தின்றாய்", "அவள் தின்றாள்" என்று மூண்ட சண்டையில், அன்றிலிருந்து ஒரு கல் உப்புகூட வேலி தாண்டியதில்லை. மற்ற தெருக்களும் அதே லட்சணம்தான்; மீதிச் சரக்குக்கு எல்லோரும் தன்னிடமே காசோடு திரும்பி வருவார்கள் என்றுதான் அவன் தமுக்கே அடித்தான்.

உலகம்மாள் காசை அவிழ்த்தாள், முடிந்தாள், மறுபடி அவிழ்த்தாள். இரண்டு காசுக்கும் அரிசியே வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து வேலி வரை போனாள். ரோஷம் தடுத்தது, திரும்பினாள். மறுபடி போனாள், திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை போனாள். இந்த முறை வாயைத் திறந்தாள்.

"ஏளா சொர்ணம், ஒரு படி அரிசி தாரேன். ஒரு படி பருப்பு குடு."

"என் கோழியைத் தின்னவளுக்கு..." என்று சொர்ணம் தொடங்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "யம்மா, பருப்புக்குப் பருப்பையா ஊத்தித் திங்க? சோறு எங்க?"

சொர்ணம் தொண்டையைச் செருமினாள். "படியைத் தலைதட்டாம குவிச்சு அளக்கணும், ஆமா" என்றாள்.

மாடத்தி வீட்டில் பேச்சே வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து வெல்லத்தை நக்கி நாக்கு தடித்துப்போன அவள் புருஷனே அரிசியைக் கண்டதும் வெல்லத்தோடு ஓடிவந்தான். பிறகு சொர்ணமும் மாடத்தியும் ஒரு படி பருப்புக்கு ஒரு படி வெல்லம் மாற்றிக்கொண்டார்கள். மூன்று வீட்டிலும் மூன்று சரக்கும் சேர்ந்தன.

மறுநாள் பொங்கலை மாப்பிள்ளை வீட்டார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கல்யாணம் நிச்சயமானது. உலகம்மாள் அழுதேவிட்டாள்.

அடுத்த சந்தைக்கு ஊரே மூன்று மூன்று வீடாகக் கூடிப் பேசிக்கொண்டு வந்தது. மூன்று சரக்கும் இரண்டு காசுக்கே போய், மேற்கொண்டு ஒரு காசும் வராததைக் கண்டு ஆவுடையப்பன் அலறினான்.

"மூணாம் படியை உனக்குல்லா சும்மா குடுத்தேன்! ஊருக்கா குடுத்தேன்?"

"பக்கத்து வீட்டுல வாங்கிக்கன்னு சொன்னது நீங்கதானே அண்ணாச்சி?" என்றாள் உலகம்மாள்.

அதற்கடுத்த சந்தையில் தமுக்குச் சத்தமே இல்லை.

கோழிச் சண்டை தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? எங்கே தீர்ந்தது! இப்போது ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கேட்டவர்களே, இலவசம் என்றதும் கடைக்காரனின் கையைப் பார்க்காதீர்கள், முதலில் உங்கள் தேவையைப் பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டைப் பாருங்கள்.